ஜோடிச் சீட்டு

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். முன்னால் பனி, பின்னால் நாற்பது பிள்ளைகள். சாந்த சொரூபியாக இருந்திருந்தால் வண்டி என்றைக்கோ ஆற்றுக்குள் போயிருக்கும். அதனால் இதைச் சொல்லும்போது நடுநடுவே யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதித் திட்டு எனக்கே எனக்குத்தான்.

என் பெயர் நொயெலா மிஷோ. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்கிற ஊர் எங்களுடையது. உருளைக்கிழங்கு வயல், மாட்டுப் பண்ணை, ஒரு மாதா கோயில், அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கிய மறு வருடம் ஊர் என்னை மாநிலப் பேரவைக்கு அனுப்பிவிட்டது. அங்கே போனால் எல்லாரும் என்னைப் போலத்தான் இருந்தார்கள். சிங்கி இறால் பிடிப்பவர் ஒருவர், முடி வெட்டுபவர் ஒருவர், சாவு வீட்டுக் காரியங்களை எடுத்து நடத்துபவர் ஒருவர். ஜனவரியில் கூடுவோம், ஏப்ரல் முடிவதற்குள் சண்டை போட்டு முடித்துவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவோம்.

எங்கள் ஊருக்கு மேற்கே கிம்பால் என்கிற ராணுவ விமானத் தளம். முப்பத்தைந்து வருடம் எங்களுக்குச் சோறு போட்ட இடம். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அங்கே வியாழக்கிழமைதோறும் பழைய விமானம் ஒன்றை ஒரு பள்ளத்தில் தள்ளிக் கொளுத்துவார்கள். அப்புறம் வெள்ளை நுரையைப் பீய்ச்சி அணைப்பார்கள். தீயணைப்புக்காரர்களுக்கு அது பயிற்சி. அந்த நுரையில் இருந்த ரசாயனம் மண்ணில் மக்காது, தண்ணீரோடு போகும், உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராது என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்? சுதந்திர தின விருந்துக்கு ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, புல்வெளி முழுக்க நுரையை அடித்து விடுவார்கள். பிள்ளைகள் இடுப்பளவு நுரையில் விழுந்து புரண்டு சிரிக்கும். இரண்டு நடையாக அந்தப் பிள்ளைகளைக் கொண்டு போய் இறக்கியது என் பஸ். கதவைத் திறந்து விட்டது என் கை.

அப்படிப் புரண்ட பிள்ளைகளில் ஒருத்தி ஜானின் பெல்ஃப்ளோர். இப்போது அவளுக்கு நாற்பது வயது, அறுபது மாடு. தளத்து வேலிக்குப் பக்கத்துப் பண்ணை அவளுடையது. தளத்தை மூடிவிட்டு ராணுவம் போய்ப் பல வருடம் கழித்து, பால் வாங்குகிற கம்பெனி அவள் பாலைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு ஒரே ஃபோனில் நிறுத்திவிட்டது. பால் வாங்க ஆள் இல்லை என்றால் மாடு சுரக்காமல் இருக்குமா? காலையும் மாலையும் கறந்தாள், கறந்ததைச் சாணிக் குழியில் கொட்டினாள். இரண்டு வருடம் இப்படி. ஒரு நாள் அவள் கொட்டும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் அழவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இந்த நிலையில்தான் ராணுவம் அந்த நிலத்தைக் கைகழுவப் பார்த்தது. எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் பொதுவாக ஒரு வாரியம் உண்டு. அதன் பெயருக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதாகத் திட்டம். ஜூன் முப்பது கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் பள்ளமும் கிணறும் நுரையும் எங்கள் தலையில். நான் கொண்டுவந்த மசோதா சின்னதுதான்: மாநிலம் சொல்கிற அளவுக்குத் தண்ணீர் சுத்தமாகாமல், ராணுவ நிலம் எதையும் இந்த மாநிலத்தில் யாரும் வாங்கிக்கொள்ளக் கூடாது. ராணுவத்தின் வக்கீல்கள் மத்திய அரசின் அளவே போதும் என்றார்கள். மத்திய அரசின் அளவு எங்களுடையதைவிட ஐந்து மடங்கு தாராளம். விசாரணைக் குழுவில் நல்ல டை கட்டிய ஒரு வக்கீல் "இது ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவு" என்று பத்து தரம் சொன்னார்.

"யாருக்கு ஏத்துக்கக்கூடிய அளவு? உங்க வீட்டுல யாரு ஏத்துக்கிறாங்க, பேரைச் சொல்லுங்க" என்றேன். தலைவர் மேசையைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார்.

அந்தக் குழுவில் எனக்கு எதிராக நன்றாகப் பேசிய ஒரே ஆள் வெண்டெல் ஹாஸ்கின்ஸ். பக்கத்து ஊர்ப் பிரதிநிதி, எதிர்க்கட்சி, எழுபத்தொரு வயது. தளத்தில் இருபத்திரண்டு வருடம் விமான மெக்கானிக்காக இருந்தவர். "அந்தத் தண்ணியை நானும் குடிச்சிருக்கேன். தண்ணி நல்ல தண்ணின்னு நான் சொல்ல வரல. ஆனா கையெழுத்து தள்ளிப் போனா விமானம் ரிப்பேர் பண்ற கம்பெனி வேற மாநிலத்துக்குப் போயிடும். எங்க ஊர்ல நூத்தி இருபது பேர் அந்த வேலைக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. ஊர் காலியாகிறதும் ஒரு விஷந்தான்" என்றார்.

இன்னொரு கூத்து, பேரவையில் வெண்டெலும் நானும் ஒரே மேசை. இருக்கையைச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள், எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. தினமும் காலையில் வெல்லப்பாகு டோனட் இரண்டு வாங்கி வருவார், ஒன்று எனக்கு.

"என்னம்மா டிரைவர், இன்னிக்கு யார் மேல ஏத்தப் போறே?"

"நகராம முன்னாடி நிக்கிறது நீதான்யா. வேற யார் மேல ஏத்த?"

இப்படித்தான் எங்கள் நாள் தொடங்கும். அதற்குப் பிறகு அன்று முழுக்க எதிரும் புதிருமாக ஓட்டுப் போடுவோம்.

இப்போது ஜோடிச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பேரவையின் பழைய வழக்கம் அது. ஓட்டெடுப்பு நாளில் ஒருவர் வர முடியாமல் போகிறது என்று வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவரைப் பிடித்து, 'நான் இல்லாத அன்றைக்கு நீயும் போடாதே' என்று கேட்கலாம். ஒருவர் வேண்டும் என்றிருப்பார், ஒருவர் வேண்டாம் என்றிருப்பார். ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகும். வெள்ளைச் சீட்டு ஒன்றில் இருவரும் கையெழுத்துப் போட்டு, சபையில் இருக்கிறவர் அதைத் தன் கையில் வைத்துக்கொள்வார். ஓட்டு மணி ஓய்வதற்குள் அதைப் பேரவைச் செயலரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது, சீட்டு வெறும் காகிதம். ஆனால் கொடுக்காத ஆள் என்று அறுபது வருடத்தில் ஒருவரைத்தான் சொல்வார்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் பேரவையில் இருந்தாராம். ஒருவரும் அவரோடு ஜோடி சேரவில்லையாம், சொந்த அம்மாவின் அடக்கத்துக்குக்கூட.

புதிதாக வருகிறவர்களுக்குக் கட்சிக் கொறடா முதல் நாளே சொல்லிவிடுவார்: என்னைக் கேட்காமல் யாரோடும் ஜோடி சேராதீர்கள். எனக்கும் சொன்னார்.

கூட்டத்தொடரின் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை. வெண்டெல் டோனட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். என் மசோதா மறுநாள் ஓட்டுக்கு வருகிறது. பயந்துபோய்விட்டார் என்று நினைத்துக் கிண்டல் பண்ண வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"லொரெய்னுக்கு ஆபரேஷனை முன்னாடி போட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில. நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தணுமாம்" என்றார். லொரெய்ன் அவர் மனைவி. மருத்துவமனை தலைநகரிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம்.

"அப்போ இங்க என்னய்யா பண்றே? கிளம்பு."

"நாளைக்கு ஓட்டு இருக்கே. வர முடியாதுன்னு சொன்னா லொரெய்ன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. ஐம்பது வருஷமா அப்படித்தான். அதான் பயமா இருக்கு" என்றவர், சட்டைப் பையிலிருந்து வெள்ளைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. "உன்னைக் கேக்கிறது நியாயமில்ல. உன் மசோதா. வேற யாரையாவது கேட்டுப் பாக்கிறேன்."

"குடுய்யா இங்க."

"இரும்மா. உன் கொறடாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. கணக்கு என்னன்னு பாத்துக்கோ."

அவர்தான் சொன்னார், கவனியுங்கள். எதிர்க்கட்சிக்காரர் எனக்குப் புத்தி சொன்னார். நான் கேட்டேனா?

"எழுபத்தொம்பதுக்கு எழுபத்தொண்ணு. எட்டு ஓட்டுல ஜெயிக்கிறோம். நீ வந்து ரெண்டு கையைத் தூக்கினாலும் தோப்பேய்யா. போய்ப் பொண்டாட்டி பக்கத்துல உக்காரு" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு, சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. ஜெயிக்கிற திமிரும், நல்லவள் என்கிற பெயரும் ஒரே கையெழுத்தில்.

மறுநாள் காலை எங்கள் ஆறு உடைந்தது. ஏப்ரலில் மேல் ஆற்றின் பனிக்கட்டி வெடித்து, பாளம் பாளமாக இறங்கி, எங்காவது பாலத்தில் அடைத்துக்கொண்டு வெள்ளத்தை ஊருக்குள் தள்ளும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். அப்படியும் மேல் பள்ளத்தாக்கைச் சேர்ந்த எங்கள் கட்சிக்காரர் நாலு பேர் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போய், செவ்வாய்க்கிழமை காலை கிளம்பி வரலாம் என்று இருந்துவிட்டார்கள். பாலத்தை மூடிவிட்டார்கள். நாலு பேரும் அந்தப் பக்கம். போதாதென்று, கடற்கரை ஊர்க்காரர் இரண்டு பேருக்கு ராணுவத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. அவர்கள் ஊர்க் கப்பல் கட்டும் துறை ராணுவத்தின் ஆர்டரில்தான் பிழைக்கிறது. காலை ஒன்பது மணிக்கு இருவரும் 'மனசாட்சிப்படி' மாறிவிட்டார்கள். மனசாட்சி சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

கொறடா ஃபில் ஒடானல் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். தெற்கு நகரத்துக்காரர், முப்பத்தைந்து வயது, நடக்கும்போதும் கணக்குப் போடுகிற ஆள்.

"நம்ம பக்கம் எழுபத்திமூணு. அவங்க பக்கமும் எழுபத்திமூணு. ஆனா ஹாஸ்கின்ஸ் ஆஸ்பத்திரியில இருக்காராம், வரல. அப்போ அவங்க எழுபத்திரெண்டு. ஒத்தை ஓட்டுல தப்பிச்சோம், மேடம்" என்றார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கவே தொடங்கிவிட்டார்.

"வெண்டெலோட ஜோடி சேர்ந்திருக்கேன், தம்பி."

சிரிப்பு நின்றது. நான் கீழே பார்த்தேன். அந்தப் பளிங்குத் தரையில் அப்போது எனக்கு ஒரு பள்ளம் தோண்டிக் கொடுத்திருந்தால் இறங்கியிருப்பேன். இரண்டு பேரும் போடாவிட்டால் எழுபத்திரண்டுக்கு எழுபத்திரண்டு. சமம் என்றால் மசோதா தோல்வி.

"செயலர்கிட்ட சீட்டு குடுத்தாச்சா?"

"இல்ல. பையில இருக்கு."

ஃபிலின் முகத்தில் உயிர் வந்தது. "அப்போ ஜோடியே கிடையாது."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கிழிச்சுப் போடுங்க. ஒரு பழைய பழக்கத்துக்காக ஊர்த் தண்ணியை விட்டுக் குடுக்கப் போறீங்களா? அறுபது வருஷம் கழிச்சு யாராவது உங்களைத் திட்டுவாங்க, திட்டட்டும்."

"நாளைக்குத் தள்ளிப் போடலாமே?"

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மேலவைக்குப் போகலைன்னா மசோதா செத்துது. தள்ளிப் போடறதுக்கும் ஓட்டு வேணும், அதுவும் சமமாத்தான் வரும். மணி பதினொண்ணுக்கு. யோசிங்க மேடம்" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

மேலே பார்வையாளர் மாடத்தில் ஜானின் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையே என் காரில் வந்துவிட்டாள், மாடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெண்டெலுக்கு ஃபோன் பண்ணினேன்.

"இப்பத்தான் உள்ள கொண்டு போனாங்க. என்னாச்சு?" என்றார் வெண்டெல்.

சொன்னேன். ஆறு உடைந்ததை, கடற்கரைக்காரர்களின் மனசாட்சியை, எழுபத்திமூன்றுக்கு எழுபத்திமூன்றை. அவர் சந்தோஷப்படவில்லை.

"ஜோடியிலேர்ந்து விட்டுடுன்னு கேக்கப் போறியா?"

"ஆமாய்யா. கேக்கிறேன். வெக்கத்தை விட்டுக் கேக்கிறேன்."

யாரோ ஒரு நர்ஸ் பக்கத்தில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மாட்டேன் நொயெலா" என்றார். "என்னுதா இருந்தா தூக்கிக் குடுத்துடுவேன். அந்த நூத்தி இருபது பேரோட ஓட்டும்மா அது. உன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

"மாடத்துல ஜானின் உக்காந்திருக்கா, வெண்டெல்."

"தெரியும். அந்தப் பொண்ணு முகத்தை நான் குழுவிலேயே பாத்தேன்." பிறகு, "ஒண்ணு செய். ரெண்டு மணி நேரம் எப்படியாவது இழுத்துப் பிடி. நான் வண்டியை எடுத்துட்டு வர்றேன். நீயும் போடு, நானும் போடறேன். சீட்டைக் கிழிச்சிடலாம்."

அவர் வந்தால் என்ன ஆகும்? எழுபத்திமூன்றுக்கு எழுபத்திமூன்று. அப்போதும் மசோதா தோல்விதான். மனைவியின் நெஞ்சு திறந்து கிடக்கும்போது ஒரு மனிதர் இரண்டு மணி நேரம் சேற்றுச் சாலையில் ஓட்டி வந்து, அதையே செய்துவிட்டுப் போவார். நான் ஜெயிப்பதற்கு ஒரே வழி, அவர் அங்கே உட்கார்ந்திருப்பதை வைத்து அவர் ஓட்டைத் திருடுவது.

"அங்கேயே இருய்யா. லொரெய்ன் கண் முழிச்சா நான் கேட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டேன். வெளியே வந்ததும் ஃபிலிடம், வெண்டெலிடம் ஃபோனில் கேட்டேன், தன் ஊர் ஓட்டை விட மாட்டாராம் என்று மட்டும் சொன்னேன்.

பதினொன்றுக்கு மணி அடித்தது. எங்கள் ஓட்டு மணி நீளமாக, வீட்டுக்காரர் இல்லாத வீட்டு அழைப்பு மணி மாதிரி விடாமல் அடிக்கும். இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வெண்டெலின் காலி நாற்காலி. முன்னால் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். எதிர் வரிசையிலிருந்து ஃபில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நேர்மையாகச் சொல்கிறேன், என் விரல் பச்சைக்கு மேலே போய் நின்றது. ஜானின் கொட்டிய பால் கண்ணில் வந்தது. நான் திறந்துவிட்ட பஸ் கதவு வந்தது. அழுத்தினால் என்ன? யாருக்குத் தெரியும்? ஃபிலுக்குத் தெரியும், சொல்ல மாட்டார். வெண்டெலுக்குத் தெரியும். அவரும் வெளியே சொல்ல மாட்டார், அந்த ஆளை எனக்குத் தெரியும். சொல்ல மாட்டார் என்பதுதான் என்னை எழுப்பியது.

எழுந்து நடந்தேன். செயலர் திருமதி ஏம்ஸ் சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "சபையின் கவனத்துக்கு. பிரதிநிதி மிஷோ ஓட்டுப் போட்டிருந்தால் வேண்டும் என்றிருப்பார். பிரதிநிதி ஹாஸ்கின்ஸ் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார். இருவரும் ஜோடி."

ஃபில் கையிலிருந்த காகிதங்களை மேசையில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பலகையில் விளக்குகள் எரிந்தன. எழுபத்திரண்டு பச்சை, எழுபத்திரண்டு சிவப்பு. சபாநாயகர் சுத்தியலைத் தட்டி, மசோதா தோற்றது என்றார். அடுத்த மசோதா தேனீ வளர்ப்பு உரிமம் பற்றியது.

மாடத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவள் அங்கே இல்லை. வாசலில், என் கார் பக்கத்தில், கையில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். ஊர் திரும்ப அவளுக்கு வேறு வண்டி கிடையாது. ஐந்து மணி நேரப் பயணம்.

முதல் மூன்று மணி நேரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். கண்ணாடி வழியே பனி உருகிய வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெட்ரோல் போட நிறுத்தியபோது என் ஃபோன் அடித்தது. காரிலேயே சத்தமாக வைத்துப் பேசிப் பழகியவள் நான், யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

"முழிச்சிட்டா நொயெலா" என்றார் வெண்டெல். குரல் உடைந்திருந்தது. "தண்ணி கேட்டா. இன்னும் குடுக்கக் கூடாதாம், உதட்டை மட்டும் நனைச்சாங்க." பிறகு, "முடிவைக் கேள்விப்பட்டேன். உன் இடத்துல நான் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல" என்றார்.

"அதை என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்யா" என்று கத்திவிட்டு வைத்தேன். மகராசன், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"அவர் சம்சாரமா?" என்றாள் ஜானின்.

"ஆமா. பொழச்சிட்டா."

"நல்லது" என்றாள். ஒப்புக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, அந்தப் பெண் பிழைத்ததில் அவளுக்கு உண்மையாகவே நிம்மதி. அதனால்தான் தைரியம் வந்து ஆரம்பித்தேன்.

"இன்னிக்கு நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லு? சொல்லிட்டு, மாத்திப் போட முடியுமா? அந்த ஆள் அங்க—"

"இன்னிக்கு நீங்க பண்ணினது சரிதான், அத்தே" என்றாள் ஜானின். சின்ன வயதிலிருந்து எனக்கு அவள் வைத்த முறை அது. "மேலேர்ந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். நானா இருந்தாலும் சீட்டைக் குடுத்திருப்பேன். இன்னிக்கைப் பத்தி நான் கேக்கல. நேத்து யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?"

சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினேன்.

"அவர் தன் ஊர் ஓட்டைத் தூக்கிக் குடுக்க மாட்டேன்னாரு இல்ல? நீங்க ஃபோன் பேசினதை ஃபில் சொன்னாரு. நீங்க எங்க ஓட்டை ஒரு டோனட் ஆறுறதுக்குள்ள குடுத்துட்டீங்க. நல்ல மனசுதான். ஆனா அது உங்க தண்ணி இல்ல, அத்தே. எங்க எல்லாரோட தண்ணி."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீதி இரண்டு மணி நேரமும் நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன், பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் போல அவ்வளவு மெதுவாக. அழுகை வந்தது. நிறுத்தி அழவில்லை, ஓட்டிக்கொண்டே அழுதேன். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஊரில் ஒருவரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. மாதா கோயிலில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் நெருக்கி உட்காருவார்கள். பத்திரிகையில் என்னைப் பாராட்டி ஒரு கட்டுரை வந்தது, 'இந்தக் காலத்திலும் சொன்ன சொல்' என்று. தலைநகரத்துக்காரன் எழுதியது. அவன் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. பாதி படித்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

மே மாதக் கடைசியில், சனிக்கிழமை பிற்பகல், ஜானின் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். ரப்பர் பூட்ஸில் சேறு, கையில் ஒரு அட்டைப் பலகை, அதில் செருகிய காகிதம். உள்ளே வரச் சொன்னேன். பூட்ஸைக் கழற்ற நேரமில்லை என்று வாசலிலேயே நின்றாள்.

"நவம்பர்ல நான் நிக்கப் போறேன். கட்சி இல்லாம" என்றாள். எங்கள் தொகுதிக்கு. என் இடத்துக்கு. கட்சி சாராமல் நிற்க ஐம்பது வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும், ஜூன் முதல் தேதிக்குள். "வீடு வீடாப் போயிட்டிருக்கேன். உங்க வீட்டை மட்டும் தாண்டிப் போனா நல்லா இருக்காதுன்னு வந்தேன். போட்டே ஆகணும்னு இல்ல."

பலகையை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தோரு பெயர். நாலாவது என் தம்பி. ஒன்பதாவது எங்கள் பாதிரியார். ஒவ்வொரு பெயருக்கும் முகம் தெரியும், எந்த நிறுத்தத்தில் ஏறினார்கள் என்றுகூடத் தெரியும். கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு முறை அந்த மசோதாவை எழுதித் திருத்தி, குழுவில் அவமானப்பட்டு, குரல் போகக் கத்தியது யார்? இவளா?

"நிலம் அடுத்த மாசம் கை மாறிடும். இனிமே போய் என்ன பண்ணப் போறே?" என்றேன்.

"நிலந்தானே மாறுது. தண்ணி ஓடிட்டேதான் இருக்கு."

"நல்லா இருக்கு கேக்க. அங்க போனா உன் பக்கத்துலயும் ஒருத்தன் உக்காருவான். கெட்டவனா இருக்க மாட்டான், அதான் கஷ்டமே. ஒரு நாள் வந்து நிப்பான், பொண்டாட்டிக்கு நெஞ்சைத் திறக்கிறாங்கன்னு. அப்போ என்ன பண்ணுவே?"

அவள் பூட்ஸ் முனையால் படியில் இருந்த சேற்றைத் தேய்த்தாள்.

"பாவமாத்தான் இருக்கும்" என்றாள். "எங்க ஊர்ல கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்வேன். ஊர் வேணாம்னா முடியாதுன்னு சொல்லிடுவேன்."

"சொல்றது சுலபம். கண்ணு கலங்கி நிக்கிறவன் முகத்தைப் பாத்துச் சொல்லணும், ஜானின்."

அவள் நிமிர்ந்தாள். "இப்போ யார் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டிருக்கேன், அத்தே?"

பேனாவை வாங்கி, நாற்பத்திரண்டாவது வரியில் என் பெயரை எழுதினேன்.